ராம்லியின் உலு கிள்ளான் படங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலாய்த் திரைப்பட நடிகரும் இயக்குநருமான பி.ராம்லி என்றாலே 'பூஜாங் லாப்போக்' (1957), 'இபு மெர்துவாக்கு' (1962) என்று சிங்கப்பூர் காலத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. 1964இல் கோலாலம்பூர் வந்து, உலு கிள்ளான் மெர்டேக்கா ஸ்டுடியோவில் அவர் எடுத்தவற்றை யாரும் சீண்டுவதில்லை. அவை சோடை போனதற்குக் காரணமும் உண்டு. சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவில் இருந்த வசதியும் கைதேர்ந்த ஆட்களும் இங்கே இல்லை. வெளிநாட்டு வண்ணப் படங்கள் அரங்குகளை நிறைத்தபோது, இவர் கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார்.

தமிழர்கள் முதலில் பார்க்க வேண்டியது 'கெரிமிஸ்' (1968). மலாய் இளைஞன் கமால், இந்தியப் பெண் லீலா. இரு வீட்டிலும் எதிர்ப்பு. லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். மே 1969 இனக்கலவரத்துக்கு முந்தைய ஆண்டில் இந்தக் கதையைத் தொடவே நெஞ்சுரம் வேண்டும். சிரிக்க 'டோ ரே மி' (1966). கடைசிப் படமான 'லக்சமானா டோ ரே மி' (1972)யில் களைப்பு தெரிகிறது, அதைப் பார்க்க அவசரமில்லை.

தமிழ் சப்டைட்டிலோடு திரையிட நினைக்கும் சங்கங்களுக்கு ஒன்று: வெள்ளை எழுத்து வெள்ளைச் சட்டையில் கரைந்துவிடும். கறுப்பு விளிம்புள்ள மஞ்சள் எழுத்தே சரி. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், நகைச்சுவை வசனம் ஓடிவிடும். பாடல்களுக்கும் போடுங்கள்.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்