மணப்பாட்டில் அனகோண்டா இலவசம்

மாப்ள,

போன சனிக்கிழமை ராத்திரி நம் விண்கப்பல் விளையாட்டு வாய்ஸ் சாட்டில் நீ அடித்த கமெண்டுக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் மற்ற ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் என் குரல் எடுபடவில்லை. "நான் பால்வெளியின் நடுவுக்கே போய்விட்டு வந்தவன், இவன் என்னடான்னா ஒரு புள்ளியைப் பார்க்க பெட்ரோல் போட்டுக்கொண்டு மணப்பாடு வரைக்கும் போகிறான்" என்றாய். சரி, வானத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கத் திருச்செந்தூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடற்கரை ஊருக்குப் போகிறேன்தான். ஆனால் என்னை அந்தப் பக்கம் கிளப்பிவிட்டதே நீதான் என்பது அந்த ஆறு பேருக்கும் தெரியாது, உனக்கும் மறந்துபோயிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே நீ என்னை மியூட் பண்ண முடியாது.

நான் அந்த விளையாட்டை, எலீட் டேஞ்சரஸை, வாங்கிய புதிது ஞாபகம் இருக்கிறதா? மாடு மாதிரி சரக்கு ஏற்றி இறக்கி, காசு சேர்த்து, அப்போதுதான் ஒரு கோப்ரா கப்பல் வாங்கியிருந்தேன். நீ வந்து ரொம்ப அக்கறையாகச் சொன்னாய்: "ஆல்ஃபா சென்டாரிக்குப் போ மாப்ள, அங்கே ஹட்டன் ஆர்பிட்டல் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கு, முதல் தடவை வருகிறவனுக்கு அனகோண்டா ஃப்ரீ." அனகோண்டா என்பது அந்த விளையாட்டின் பெரிய கப்பல்களில் ஒன்று, விலை விளையாட்டுக் காசில் 14 கோடி கிரெடிட்டுக்கும் மேல். கடை திறப்பு விழாவில் சேலை ஃப்ரீ என்றால் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான், யோசிப்பேனா?

மற்ற ஸ்டேஷன்களுக்கெல்லாம் தூரம் லைட் செகண்டில் (ஒளி ஒரு நொடியில் போகிற தூரம்) காட்டும். இதற்கு 0.22 லைட் இயர் (ஒளி ஒரு வருஷத்தில் போகிற தூரம், அதாவது ஒளியாண்டு) என்று காட்டியது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூக்கை அந்தப் பக்கம் திருப்பி, திராட்டிலை முழுக்கத் தள்ளி உட்கார்ந்தேன். வேகம் ஏறி ஏறி ஒளியைப் போல 2001 மடங்கில் வந்து நின்றது, அதற்கு மேல் அந்த விளையாட்டில் அப்போது எந்தக் கப்பலும் போகாது. அப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள், இரண்டாவது தடவை "கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். இல்லம்மா, போய்க்கிட்டிருக்கேன் என்றேன். எங்கே என்று கேட்கவில்லை, தோசையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தோசை ஆறிய நேரத்தில்தான் ஸ்டேஷன் வந்தது. வந்த வேகத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டேன், அப்புறம் திரும்பி வளைந்து வரவேண்டியதாயிற்று. அந்த வளைவுக்கு 'அவமான வட்டம்' என்று ஆட்டக்காரர்கள் பேர் வைத்திருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், சொன்னதும் நீதான்.

இறங்கிப் பார்த்தால் அனகோண்டாவும் இல்லை, ஆமையும் இல்லை. சந்தையில் மக் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதிலும் பெரிய கூத்து, அந்த ஸ்டேஷனில் பெரிய தளமே கிடையாது, அனகோண்டா மாதிரி பெரிய கப்பல் அங்கே இறங்கவே முடியாது. இறங்க முடியாத கப்பலை எப்படிடா தானம் கொடுப்பான் என்று அப்புறம்தான் யோசித்தேன். நீங்கள் எல்லாரும் ஒன்றரை மணி நேரமும் ஹெட்செட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேகம் சரியா இருக்கா மாப்ள, பெட்ரோல் போதுமா" என்று விசாரித்துக்கொண்டே இருந்தீர்கள். பாவிகளா.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், எந்தப் புண்ணியவான் ஒரு ஸ்டேஷனை இவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைத்தான் என்று தேட ஆரம்பித்தேன். அங்கேதான் விஷயமே மாறியது. அந்தத் தூரம் யாரும் குறும்புக்கு வைத்ததில்லை, மாப்ள. ஆல்ஃபா சென்டாரி என்று நாம் சொல்வது ஒரு நட்சத்திரமே இல்லை. ஏ, பி என்று இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று 80 வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றுகின்றன. மூன்றாவதாகப் பிராக்சிமா என்று ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரம், கூட்டுக் குடும்பத்தில் கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன தம்பி மாதிரி, பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரத்தைப் போல சுமார் 13,000 மடங்கு தள்ளி இருக்கிறது. கணக்குப் போட்டால் 0.2 ஒளியாண்டு. ஹட்டன் இருப்பது அந்தத் தம்பி வீட்டுப் பக்கம். விளையாட்டை உருவாக்கியவர்கள் நிஜத் தூரத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள், கேலியை ஆட்டக்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. இந்த விளையாட்டைச் செய்த கம்பெனி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அங்கிருந்து ஆல்ஃபா சென்டாரியைப் பார்க்கவே முடியாது. அது தெற்கு வானத்தில் அவ்வளவு கீழே இருக்கிறது, அவர்களுக்கு அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நமக்கு வரும். உன் மெட்ராஸிலிருந்தே, தெற்கே கட்டடம் மறைக்காமல் தூசி அடங்கியிருந்தால், 16 டிகிரி உயரத்துக்கு வரும். எங்கள் ஊர்ப்பக்கம் 20 டிகிரிக்கும் மேலே.

அப்படித்தான் போன மே மாதம் அமாவாசை ராத்திரி (தினசரி காலண்டரில் அமாவாசை பார்ப்பதற்கு ஆச்சிக்கு அடுத்து எங்கள் வீட்டில் நான்தான்) மணப்பாட்டுக்குப் போனேன். கத்திரி வெயில் இறங்கி மணல் ஆறுவதற்கே ஒன்பது மணி ஆகிவிட்டது. கலங்கரை விளக்கின் வெளிச்சம் கண்ணில் படாமல் தள்ளிப்போய்த் தெற்கே கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். போனை எடுக்காமல் அரை மணி நேரம் இருந்தால்தான் கண் இருட்டுக்குப் பழகும், நீயெல்லாம் அங்கேயே தோற்றுவிடுவாய். முதலில் திரிசங்கு தெரிந்தது, நாலு நட்சத்திரம், சாய்ந்த சிலுவை மாதிரி. அதற்கு இடது பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். வலது பக்கத்தது ஹதார், அது சுமார் 390 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. இடது பக்கத்தில், அதைவிடப் பளிச்சென்று, லேசாக மஞ்சளாக இருந்தது ஆல்ஃபா சென்டாரி. 4.4 ஒளியாண்டுதான். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்று எதிர்வீடு, இன்னொன்று அயல்நாடு.

பதினொரு மணிக்கு மேல் அது நல்ல உயரத்துக்கு வந்ததும் கையை நீட்டி அளந்து பார்த்தேன், கடலுக்கு மேலே இரண்டு கைமுட்டி உயரம். அப்புறம் கட்டை விரலை அதன் ஓரமாக வைத்தேன். பிராக்சிமா வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எந்தப் பக்கம் என்று ஸ்டெல்லேரியம் என்கிற வானப்படச் செயலியில் பார்த்து வைத்திருந்தேன். இரண்டுக்கும் நடுவில் என் கட்டை விரல் அகலம்தான். நீ என்னை ஒன்றரை மணி நேரம் ஓட்டவிட்ட தூரம் மொத்தமும் அந்த நகத்துக்குப் பின்னால் போய்விட்டது. ஒற்றை ஆளாக மணலில் உட்கார்ந்து சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். என்னிடம் இருப்பது நாலரை அங்குலக் கண்ணாடி வைத்த சின்னத் தொலைநோக்கி, அதில் ஆல்ஃபா சென்டாரியைப் பிடித்துவிட்டு, பாருங்க அண்ணாச்சி என்றேன். குனிந்து, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். அப்புறம், "ரெண்டுல்லா இருக்கு!" என்றார்.

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஏன் தெரியுமா? அது இரட்டை என்று முதலில் கண்டுபிடித்ததே நம் கடற்கரையில்தான். ழான் ரிஷோ என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொலைநோக்கியில் இது இரண்டாகத் தெரிந்ததைக் குறித்து வைத்தார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அவர் மனதில் பிரெஞ்சில் என்ன சொல்லிக்கொண்டாரோ, தமிழில் அது "ரெண்டுல்லா இருக்கு" என்றுதான் இருந்திருக்கும்.

விளையாட்டைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகளை ஒரு வட்டில் அடைத்தவனுக்குக் கும்பிடு போடுகிறேன். எரிபொருள் தீர்ந்து நடுவானில் நின்றபோது ஃபியூயல் ராட்ஸ் என்கிற ஆட்டக்காரர் குழுவின் ஆட்கள் வந்து, ஒரு பைசா வாங்காமல் டேங்கை நிரப்பிவிட்டுப் போனதை மறக்க மாட்டேன். கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம், இந்த வகை நட்சத்திரங்களில்தான் விளையாட்டில் கப்பலுக்கு எரிபொருள் அள்ள முடியும் என்று நீ மனப்பாடம் பண்ண வைத்தாயே, அது வானவியல்காரர்களின் நிஜமான வகைப்பாடு என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். ஆல்ஃபா சென்டாரி ஏ நம் சூரியனைப் போல ஜி வகை, ஆல்ஃபா சென்டாரி பி கே வகை, பிராக்சிமா எம் வகை. மூன்றிலும் அள்ளலாம்.

ஆனால் நடுவுக்கே போய் வந்த மாவீரனே, என் தங்கை கல்யாணத்துக்கு வந்தபோது மொட்டை மாடியில் ஆல்ஃபா சென்டாரி எது என்று கேட்டேன், நீ செல்போன் டவரின் சிவப்பு லைட்டைக் காட்டினாய். இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லியாயிற்று.

வருகிற மே மாதம் அமாவாசைக்கு லீவு போடு. திருச்செந்தூர் வரைக்கும் பஸ்ஸில் வா, அங்கிருந்து நான் வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன். டார்ச் கொண்டு வந்தால் முன்னால் சிவப்புத் தாள் ஒட்டிக் கொண்டு வா, இல்லையென்றால் கடலில் போட்டுவிடுவேன். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி என் பொறுப்பு, மக் உன் பொறுப்பு, ஹட்டனிலிருந்து நீ எத்தனை மக் அள்ளிக்கொண்டு வந்தாய் என்று எனக்குத் தெரியும்.

முதல் தடவை வருகிறவனுக்கு மணப்பாட்டில் அனகோண்டா ஃப்ரீ, மாப்ள. சத்தியமாக.