பரிசல்துறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பென்னாகரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சின்னசாமிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி, மாங்காய் விலை, பேத்தியின் காதுகுத்து எல்லாம் படித்தேன். மொய் நேரில்தான்.

உன் மருமகன் ஒகேனக்கல்லில் லாட்ஜ் கட்டப் பார்க்கிறான், சுற்றுலாவில் நாட்டுக்கு இவ்வளவு வருமானம் என்று யாரோ சொன்ன கணக்கை நம்பி நிற்கிறான் என்று எழுதியிருந்தாய். வீடு வீடாகப் போய்ச் செலவுக் கணக்கு எழுதியே ஓய்வுபெற்றவன் என்பதால் என்னைக் கேட்கிறாய். சரி.

நாட்டின் கணக்கில் சுற்றுலா என்று தனியாக ஒரு தொழிலே கிடையாது. ஓட்டல் உண்டு, பஸ் உண்டு, ரயில் உண்டு. அரிசி ஆலை என்றால் உள்ளே போய் எத்தனை மூட்டை என்று எண்ணிவிடலாம். சுற்றுலாவிலோ வாங்குகிறவன் யார் என்று பார்த்தால்தான் தெரியும். தருமபுரியில் கிளம்பும் ஒரே பஸ்ஸில் ஆபீசுக்குப் போகிற கிளார்க்கும் இருப்பார், அருவிக்குப் போகிற சேலத்துக் குடும்பமும் இருக்கும். டிக்கெட் பணத்தில் அந்தக் குடும்பத்தின் பங்கை மட்டும் பிரிக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு தொழிலிலிருந்தும் பிய்த்துச் சேர்க்கும் கணக்குக்கு டூரிசம் சாட்டிலைட் அக்கவுண்ட் என்று பெயர். ஐ.நா. 2000-இல் முறை வகுத்து 2008-இல் திருத்தியது. நம் நாட்டில் 2002-03, 2009-10, 2015-16 ஆண்டுகளுக்குப் போட்டார்கள். கடைசிக் கணக்கில் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதம் வந்தது. அதிலும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நேரடி. மீதி, ஓட்டலுக்குக் காய் விற்றவன், அவனுக்கு உரம் விற்றவன் என்று நீளும் சங்கிலி. மேடையில் பேசுகிறவர்கள் சங்கிலியோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

இன்று காலை ஒகேனக்கல் பரிசல்துறைக்குப் போய் உட்கார்ந்தேன். பெங்களூரிலிருந்து ஒரு கார், ஆறு பேர். பெட்ரோல் அங்கேயே போட்டாயிற்று, தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் அங்கிருந்தே. பரிசலுக்குக் கொடுத்தார்கள், எண்ணெய் மசாஜுக்குக் கொடுத்தார்கள், மீன் வாங்கி அங்கே சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்காவிடம் வறுக்கக் கொடுத்தார்கள். சாயங்காலம் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெட்ரோலும் தேசியக் கணக்கில் சுற்றுலாச் செலவுதான், அது சரிதான். ஆனால் பென்னாகரத்துக்கு அதில் ஒரு பைசா கிடையாது. மசாஜ்காரருக்கும் அக்காவுக்கும் போனதோ அப்படியே உள்ளூரில் நிற்கிறது. அதற்கு ரசீதே இல்லை. கேட்டால் அக்கா சிரிக்கிறார்: “எண்ணெய், மசாலா, விறகு போக மிஞ்சினதுதான் கணக்கு.” மதிப்புக்கூட்டல் என்று நாங்கள் பாடமாகப் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ரசீது இல்லாததால்தான் வீட்டில் போய்க் கேட்கிறோம். தேசிய மாதிரி ஆய்வில் 2008-09-லும் 2014-15-லும் உள்நாட்டுப் பயணச் செலவைக் கேட்டார்கள். போன டூரில் டீக்கு எவ்வளவு செலவானது என்று உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய்? பயணி யார் என்பதிலும் வம்பு உண்டு. வழக்கமாகப் புழங்கும் இடத்தை விட்டு வெளியே போகிறவரே பயணி. ஆடிப்பெருக்குக்கு வருஷம் தவறாமல் இங்கே வந்து முழுகும் நான் பயணியா? கூட்டத்தில் என் தலையையும் யாரோ எண்ணியிருப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. கர்நாடகா தண்ணீர் திறந்தால், எல்லையில் காவிரித் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் இத்தனை கன அடி என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். வெள்ளம் என்று பரிசலை நிறுத்தும் நாட்களில் துறைக்காரர்களுக்கு எவ்வளவு போயிற்று என்று அளக்க ஆளில்லை. வருஷக் கணக்கில் அந்த நாட்கள் கரைந்துவிடும், லாட்ஜ் கடனுக்கு வட்டி கரையாது.

மருமகனிடம் சொல், அந்த 5 சதவீதத்தை ஓரமாக வைக்கட்டும். ஒரு செவ்வாய்க்கிழமையும் ஒரு ஞாயிறும் இங்கே வந்து, இரவு எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று மட்டும் எண்ணட்டும். சாயங்காலமே திரும்புகிறவர்களுக்கு அறை எதற்கு? வந்தால் என் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ளட்டும், வாடகை வேண்டாம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதை விட்டுவிடாதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
முருகேசன்