அப்பாவுக்கு, ஷெட்டுக்குள்ள இருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

போன்ல நீங்க கேட்ட கேள்விக்கு அன்னைக்கு சரியா பதில் சொல்ல முடியல, நீங்க சிரிச்சதுல எனக்கும் சிரிப்பு வந்து பேச்சு வேற எங்கயோ போயிடுச்சு, அதான் உக்காந்து எழுதுறேன். "கையளவு இன்ஜின செஞ்சு என்னம்மா பண்ணப் போற, அது எதை இழுக்கும்"னு கேட்டீங்க. எதையும் இழுக்காதுப்பா. விரலால ஃப்ளைவீலை அழுத்திப் பிடிச்சா நின்னுடும். இங்க இங்கிலாந்துல இதைச் செய்யுறவங்க யாரும் அதுகிட்ட வேலை வாங்கணும்னு செய்யுறதில்ல. பெட்ரோல் ஊத்தினா தானா ஓடணும், அந்த ஒண்ணுக்குத்தான் இவ்வளவு பாடும். ஆனா அந்த ஒண்ணு எவ்வளவு பெரிய விஷயம்னு செஞ்சு பாத்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

புது வீட்டுக்குப் பின்னாடி ஒரு மர ஷெட் இருக்குன்னு சொன்னேன்ல, உள்ள ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் வெளியதான் நிக்கணும். அதுலதான் நம்ம பட்டறை. லேத்து, அதான் கடைசல் மெஷின், பழைய மைஃபோர்ட் கம்பெனியோட எம்எல் 7, நாட்டிங்ஹாம் பக்கத்துல பீஸ்டன்ங்கிற இடத்துல செஞ்சது, 1946ல வந்த மாடல். சென்டர் ஹைட், அதாவது கட்டையைப் பிடிச்சு சுத்துற சக்கோட மையத்துக்கும் அடியில இருக்குற பெட்டுக்கும் நடுவுல உள்ள உயரம், மூணரை இன்ச்சுதான், பாத்தா பொம்மைன்னுவீங்க. ஆனா பெட் தேய்மானம் கம்மி, கொஞ்சம் பொறுமையா கட் எடுத்தா சொன்ன சைஸ்ல நிக்குது.

ஆபீஸ்ல நாள் பூரா ஸ்கிரீனைப் பாத்துட்டு வந்து சக்குல ஒரு இரும்புக் கட்டையை மாட்டி சீவல் சீவலா சிப்ஸ் விழுறதைப் பாத்தாத்தான் அன்னைக்கு ஏதோ பண்ணினோம்னு தோணுது. டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், அதனால குளிர்காலம் முழுக்க ட்யூப் லைட் வெளிச்சத்துலதான் வேலை, ஜூன்ல ஒம்போது மணிக்கு மேலயும் வெயில் அடிக்கும், அப்ப சாப்பிடக்கூட மறந்துபோகுது. குளிருக்கு நான் பழகிட்டேன், இரும்புதான் பழக மாட்டேங்குது. ராத்திரி பூரா சில்லுன்னு கெடக்குற லேத்து மேல திடீர்னு ஹீட்டர் போட்டா காத்துல இருக்குற ஈரமெல்லாம் அது மேல படிஞ்சு மறுநாள் பெட் பூரா செந்துரு. மண்ணெண்ணெய் ஹீட்டர் வச்சா இன்னும் மோசம், எரியும்போது அதுவே நீராவி விடுது. இப்ப ஒரு சின்ன கரண்ட் ஹீட்டரை ரொம்ப கம்மியா வச்சு அணைக்காமலே விட்டிருக்கேன், கெளம்பும்போது எல்லாத்து மேலயும் எண்ணெய்த் துணி ஒரு ஓட்டு. உங்க பட்டறையில இந்தப் பாடு கெடையாது, குடுத்து வச்சவங்க.

இங்க இந்த வேலைக்குன்னே கிளப்பு இருக்கு. பெரும்பாலும் ரிடையர் ஆன பெரியவங்க. இதுக்குன்னு ஒரு பத்திரிகை 1898ல இருந்து வந்துட்டு இருக்குன்னா பாத்துக்கோங்க, மாடல் இன்ஜினியர்ங்கிற பேர்ல ஆரம்பிச்சது. நம்ம பண்ணின பார்ட்டை கையில குடுத்தா உடனே நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாங்க, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இந்த மூலையில பிசிறை எடுத்துடு"ன்னு மட்டும் சொல்லிட்டு திருப்பிக் குடுப்பாங்க. நீங்க இங்க இருந்தா முதல் நாளே அவங்களோட ஒட்டிக்குவீங்க, நெஜமா. அவங்களும் நூல் கணக்குல பேசுற ஆளுங்கதான், பேருதான் வேற, எட்டுல ஒண்ணு எட்டுல மூணுன்னு. என் வயசு ஆளுங்களுக்கு மில்லிமீட்டர் தவிர ஒண்ணும் தெரியாது, நான் உங்க கிட்ட "நாலு நூல்னா அரை இன்ச்சு"ன்னு கேட்டு வளந்ததால பழைய டிராயிங் பாத்து பயப்படல.

அதுல ஒரு பெரியவர் ஒரு டப்பா நிறைய பிஏ, அதாவது பிரிட்டிஷ் அசோசியேஷன், மரை வெட்டுற டேப்பும் டையும் குடுத்தாரு. இந்த பிஏ மரை ஒரு வினோதம்ப்பா, உங்களுக்குப் பிடிக்கும். 1884ல இங்க கொண்டு வந்தது, இங்கிலாந்து மரைன்னு பேரு, ஆனா உள்ளுக்குள்ள முழுக்க மில்லிமீட்டர். ஜீரோ பிஏ ஆறு மில்லி, பிட்ச், அதான் ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம், சரியா ஒரு மில்லி. அடுத்த நம்பரோட பிட்ச் 0.9, அதுக்கடுத்தது 0.81, இப்படி ஒவ்வொண்ணும் முந்தினதுல பத்துல ஒம்போது பங்கு. மரையோட கோணம் 47½ டிகிரி. சின்ன இன்ஜினுக்கு இதோட ஸ்க்ரூ தலை அவ்வளவு பொருத்தமா இருக்கு, நாலு மில்லி எம்4 ஸ்க்ரூ போட்டா தலை மட்டும் பெருசா துருத்திக்கிட்டு நிக்கும்.

சரி இன்ஜினுக்கு வரேன். போர், அதான் சிலிண்டரோட உள் விட்டம், 20 மில்லி, ஸ்ட்ரோக், அதான் பிஸ்டன் போற தூரம், 25 மில்லி, கணக்குப் போட்டா 7.85 சிசி. நாலு ஸ்ட்ரோக், படுக்கை வச்ச சிலிண்டர், காத்துல குளிர்றது. வார்ப்பு எதுவும் கெடையாது, எல்லாமே உலோக பார்ல இருந்து கடைஞ்சது. கம்ப்ரஷன் ரேஷியோ அஞ்சுக்கு ஒண்ணு, அதாவது பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்குற எடம் ரெண்டு சிசிகூட இல்ல. இந்த ரெண்டு சிசியை நல்லா மனசுல வச்சுக்கோங்க, முழுக் கதையும் அதுலதான் இருக்கு.

கிராங்க் ஷாஃப்டை கேட்டா திட்டுவீங்க. ஒரே கட்டையில கடையல. எட்டு மில்லி சில்வர் ஸ்டீல் (பேருதான் சில்வர், வெள்ளி கெடையாது) ராடு ஒண்ணு முழுசா, அதுல மாட்டுற பக்கத் தகடு, அதான் வெப், ரெண்டு, அந்த ரெண்டையும் சேக்குற கிராங்க் பின் ஒண்ணு. வெப் ரெண்டையும் சேத்து போல்ட் போட்டு ஒண்ணாவே டிரில் ரீமர் அடிச்சதால ஓட்டை ரெண்டும் அச்சு மாறாம இருந்துச்சு. அப்புறம் லாக்டைட்ங்கிற பசை போட்டு ஒட்டி, குறுக்கால பின் அடிச்சு, கடைசியில நடுவுல இருக்குற ராடை அறுத்து எடுத்துடுறது. கோந்து போட்டு கிராங்க் ஒட்டுறதான்னு நீங்க கேக்குறது எனக்கு இங்கயே கேக்குது. இது காத்து படாத எடத்துல உலோகத்தைத் தொட்டாத்தான் இறுகும், இறுகினப்புறம் சூடு காட்டினாத்தான் விடும். டயல் வச்சு சுத்திப் பாத்தேன், நீங்களே குறை சொல்ல முடியாது.

சிலிண்டர் காஸ்ட் அயர்ன், கையெல்லாம் கரியாகும், ஆனா அந்த கிராஃபைட்தான் பின்னாடி காப்பாத்துது. போர் எடுத்து அலுமினியம் லேப்புல, அதான் தேய்க்குற உருளையில, பேஸ்ட் தடவி இழைச்சேன். பிஸ்டன் ரிங்கும் காஸ்ட் அயர்ன்தான், ஒரு மில்லி அகலம். ரம்பத்தால அறுக்காம ஒரு எடத்துல கீறி படக்குன்னு ஒடைக்கணும். வாய் விரிஞ்ச மாதிரி நடுவுல ஒரு பின்னை வச்சு ஃபிக்ஸ்சர்ல மாட்டி மங்கலா செவக்குற வரைக்கும் சூடு பண்ணி ஆற விட்டா, அந்த விரிப்பு அப்படியே நின்னுடும், அப்புறம் சிலிண்டருக்குள்ள போனா சுத்தி ஒரே சீரா அமுங்கும். உள்ள போட்டப்புறம் வாயோட இடைவெளி 0.05 மில்லி பக்கத்துல இருக்கணும்னு ஃபைல் பண்ணினேன். லைட்டை பின்னாடி பிடிச்சுப் பாத்தா ரிங்கைச் சுத்தி எங்கயும் வெளிச்சம் வரக்கூடாது.

ஆனா இன்ஜின் ஓடுமா ஓடாதான்னு தீர்மானிக்குறது வால்வுதான்ப்பா. ஏன்னு சொல்றேன். எல்லாத்தையும் பாதியா சின்னது பண்ணினா பரப்பு கால்வாசி ஆகும், உள்ள இருக்குற காத்து அரைக்கால்தான் மிஞ்சும். அப்ப இருக்குற கொஞ்ச காத்துக்கு சூட்டைத் திங்குற சுவர் ரெண்டு மடங்கு. கசிவும் அதே கதைதான், பெரிய இன்ஜின்ல கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல் இங்க அந்த ரெண்டு சிசியையும் முழுங்கிடும். டிராயிங்கை சின்னது பண்ணலாம், காத்தை சின்னது பண்ண முடியாது. அதனால பித்தளையில வால்வு கேஜ், அதான் வால்வு உக்கார்ற கூடு, பண்ணும்போது வால்வுத் தண்டு போற கைடு ஓட்டையும் வால்வு மூடி உக்கார்ற 45 டிகிரி சீட்டும் சக்குல இருந்து கழட்டாம ஒரே பிடியில எடுத்தேன். சீட்டு அகலம் அரை மில்லிக்கும் கம்மி. அகலமா விட்டா நல்லா அடைக்கும்னு தோணும், நெஜத்துல ஒல்லியா இருந்தாத்தான் ஸ்ப்ரிங்கோட அழுத்தம் ஒரு எடத்துல குவிஞ்சு அடைக்குது.

டெஸ்ட் பண்றதுக்கு ஒரு ஊசி போடுற சிரிஞ்சுதான். போர்ட்டுல ரப்பர் ட்யூப் சொருகி சிரிஞ்சை இழுத்துட்டு கையை எடுக்கணும். வால்வு நல்லா உக்காந்திருந்தா பிளஞ்சர் படக்குன்னு உள்ள ஓடி பழைய எடத்துக்கே போயிடும். கசிஞ்சா இழுத்த எடத்துலயே சோம்பலா நிக்கும். எக்ஸாஸ்ட் வால்வுக்கு மெல்லிசு பேஸ்ட் போட்டு விரலால முன்னாடி பின்னாடி உருட்டி, துடைச்சு, திரும்ப சிரிஞ்சு, திரும்ப உருட்டுன்னு ஒரு வாரக்கடைசி பூரா அதுதான். சீட்டுல சுத்தி ஒரு சாம்பல் நிறக் கோடு எங்கயும் அறுபடாம வந்தப்பதான் நிறுத்தினேன்.

இன்டேக் வால்வுக்கு கேமே, அதான் வால்வைத் தள்ளித் தொறக்குற மேடே, கெடையாது. பிஸ்டன் இறங்கும்போது அந்த இழுப்புலயே தொறக்கும், முந்தைய காலத்து இன்ஜின்ல இருந்த முறைதான். அதோட ஸ்ப்ரிங் கால் மில்லி கம்பியில சுத்தினது, ஊதினா அசையுற அளவு. கெட்டியா இருந்தா பெட்ரோல் உள்ள வராது, தொளதொளன்னு இருந்தா நேரத்துக்கு மூடாது. எக்ஸாஸ்டுக்கு மட்டும் கேம், 20 பல்லு 40 பல்லு கியர். கேம் பாதி வேகத்துல சுத்துறதால அங்க ஒரு டிகிரி தப்பினா கிராங்க்ல ரெண்டு டிகிரி, அதனால டிகிரி அட்டையை ஃப்ளைவீல்லதான் ஒட்டிக்கணும். ஸ்பார்க்குக்கு தொட்டு விடுற பாயிண்ட்ஸ் வைக்கல, ஒரு சின்ன காந்தமும், அது பக்கத்துல வந்தா கண்டுபிடிக்குற ஹால் சென்சாரும். காந்தத்தை தலைகீழா ஒட்டினா சென்சார் கண்டுக்கவே கண்டுக்காது, அதனால ஒட்டுறதுக்கு முன்னாடி கையில பிடிச்சு காட்டிப் பாக்கணும்.

கார்புரேட்டர்தான் ரொம்ப ஆட்டம் காட்டுச்சு. ஊசியை ஒரு கால் சுத்து கூட தொறந்தா பிளக்கு நனைஞ்சு போகுது, மூடினா வெறும் காத்து. டேங்க்ல பெட்ரோல் மட்டம் ஜெட்டுக்கு கொஞ்சம் கீழ இருக்கணும், மேல இருந்தா தானா ஒழுகும், ரொம்ப கீழ இருந்தா இழுத்து முடியாது.

ஒரு சனிக்கிழமை கதவைத் தொறந்து போட்டுட்டு (புகை உள்ள தங்கினா ஆளையே சாச்சுடும், எவ்வளவு குளிர்னாலும் கதவு தொறந்துதான் இருக்கணும்) ஸ்பார்க்கை பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு பத்து டிகிரி முன்னாடி வச்சு டிரில்லால ஃப்ளைவீலை சுத்தினேன். முதல்ல டப்புன்னு ஒண்ணு, அப்புறம் வெறும் புஸ்ஸு, ஊசியை தலைமுடி அளவு மூடினேன், டப் டப்புன்னு ரெண்டு, டிரில்லை எடுத்துட்டேன், அது பாட்டுக்கு ஓடுதுப்பா. நீலப் புகை, எண்ணெய் வாசனை, மேஜை மேல இருந்த வாஷரெல்லாம் நடந்து போய் கீழ விழுது. நான் அணைக்கவே இல்ல, டேங்க் தீர்ந்து தானா நின்னுச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல தலையை நீட்டினாரு, திட்டப் போறாருன்னு நெனச்சேன், இன்னொரு தரம் போடுன்னாரு. இருந்தாலும் ஒரு சைலன்சர் கடைஞ்சு மாட்டிட்டேன்.

அடுத்தது வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர் வைக்கணும். வேகம் ஏறினா ஒரு கொக்கி எக்ஸாஸ்ட் புஷ்ராடை பிடிச்சு வால்வை தொறந்தபடியே வச்சுக்கும், அப்ப உள்ள இழுப்பு இருக்காது, இன்டேக் தொறக்காது, பெட்ரோல் போகாது, ஃப்ளைவீல் வேகத்துல சும்மா சுத்திட்டு இருக்கும், வேகம் இறங்கினா கொக்கி விட்டு ஒரு தரம் மட்டும் வெடிக்கும். இதுல அந்தக் கொக்கியோட முனை சீக்கிரம் தேயும்ங்குறாங்க. எம்எஸ், அதான் மைல்டு ஸ்டீல்ல பண்ணி மேல் தோலை மட்டும் கெட்டியாக்குற கேஸ் ஹார்டன் பண்ணவா, இல்ல சில்வர் ஸ்டீல்ல பண்ணி சூடா எண்ணெய்ல முக்கி குவென்ச் பண்ணவா? கிளப்புல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க சொல்றதைத்தான் செய்யப் போறேன், அதனால யோசிச்சு சீக்கிரம் எழுதுங்க, முனை கோணம் எவ்வளவு வைக்கலாம்னு கையால ஒரு படமும் போட்டு அனுப்புங்க. வீடியோ தம்பி போனுக்கு அனுப்பியிருக்கேன், சவுண்டை நல்லா கூட்டி வச்சு கேளுங்க, டப்புக்கும் டப்புக்கும் நடுவுல ஒரு டிக்குன்னு வருது, வால்வுகிட்ட இருக்குற டேப்பெட் கேப்பா இல்ல பிஸ்டன்கிட்ட இருக்குற சின்ன எண்டு புஷ்ஷான்னு உங்க காதுக்குத்தான் தெரியும். அம்மாவை ரொம்ப கேட்டதா சொல்லுங்க.

உங்க பொண்ணு