புது மோட்டாருக்குள் உப்பு எப்படி வந்தது?

காசிமேடு, சென்னை
20.06.2025

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 30 அடி ஃபைபர் படகும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரும் வாங்கியது – சோதித்துப் பார்க்க விடாமல் கையெழுத்துக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றையும் உங்கள் டீலரிடம் நேரில் கொடுத்தேன். மேலே அனுப்பிவிட்டதாக ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். எந்த மாடிக்கு அனுப்பினார்களோ தெரியாது. அதனால்தான் இது நேராக உங்களுக்கே பதிவுத் தபாலில் வருகிறது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். சில இடங்களில் நான் சொன்ன வார்த்தையை எழுத மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அதனால் கடிதம் மரியாதையாகத்தான் இருக்கும்.

மொத்த விலை 5,62,000 ரூபாய். பிப்ரவரி 10 அன்று ஒரு லட்சம் முன்பணம், மார்ச் 22 அன்று மீதி முழுவதும். என் மனைவியின் நகை இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. ஏப்ரல் 10க்குள் படகு கைக்கு வந்துவிடும் என்று ரசீதின் பின்பக்கத்தில் உங்கள் டீலரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏன் அந்தத் தேதி கேட்டேன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், லாஞ்சுகள் என்கிற பெரிய விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். எங்களைப் போன்ற ஃபைபர் போட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் காசு பார்க்கிற காலம் அது. இரண்டு கூடை வஞ்சிரம் கொண்டுவந்தாலும் ஏலத்தில் சண்டை போட்டு எடுப்பார்கள். அந்த 61 நாளும் நான் கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையைத் தைத்துக்கொண்டிருந்தேன். குறைந்தது மூன்று லட்சம் நஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே 2ஆம் தேதி. அதை நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது.

“வாட்டர் டெஸ்ட் ரெடி, வண்டியோட ஆளோட வாங்க” என்று முந்தின நாள் போன் வந்தது. லாரிக்கு 6,500 ரூபாய் பேசி, நான்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். மணலி புதுநகர் பக்கம் இருக்கும் உங்கள் டீலரின் யார்டுக்குப் போய்ச் சேர ஏழரை ஆனது. கேட் பூட்டு. ஸ்டாக் எடுக்கிறார்கள் என்றார் காவலாளி. பதினொன்றே முக்காலுக்கு ஒரு பையன் பைக்கில் வந்தான், கையில் படகுச் சாவியோ பெட்ரோலோ கிடையாது, ஒரு காகிதம் மட்டும். ‘நல்ல நிலையில், முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அதில் அச்சடித்திருந்தது. முதலில் கையெழுத்தாம், அப்புறம்தான் படகாம்.

பார்த்துவிட்டுப் போடுகிறேன் தம்பி என்றேன். படகை நீங்கள் செய்கிறீர்கள், எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒரு ரூபாய்க் காசை எடுத்து முன்பக்க அணியத்திலிருந்து பின்பக்க அமரம் வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தேன். ஃபைபர் மேட் அடுக்கடுக்காக நன்றாக ஒட்டியிருந்தால் டக் டக் என்று கெட்டியாகச் சத்தம் வரும். ஏராவை, அதாவது படகின் அடித்தண்டை, ஒட்டி இடப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு டொப் டொப் என்கிறது. உள்ளே காற்று நிற்கிறது. அலை அடிக்க அடிக்க அந்த இடம்தான் முதலில் பிளக்கும். மறுபடி தட்டிக் காட்டினேன். அப்போதுதான் அவன் சொன்னான்:

“இன்னா பெரிசு, போட்டு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? தட்டித் தட்டிப் பாக்குற?”

என் மகள் பக்கத்தில் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றாள். என் ஆட்கள் நாலு பேரும் நின்றார்கள். ஐயா, எனக்கு வயது 56. கடலுக்குப் போக ஆரம்பித்தபோது எனக்குப் பதினாறு. அந்தப் பையன் அப்போது பிறந்திருக்கவே மாட்டான்.

மோட்டாரை ஒரு டிரம்மில் விட்டு ஓட்டிக் காட்டினார்கள். அதுதான் வாட்டர் டெஸ்டாம்! பெட்ரோல் டியூபில் இருக்கிற ரப்பர் பந்தை நாலைந்து தடவை அமுக்கினால் கெட்டியாக வேண்டும். நாற்பது தடவை அமுக்கியும் கொழுக்கட்டை மாவு மாதிரி அமுங்கிக்கொண்டே இருந்தது. எங்கோ காற்று இழுக்கிறது. ஒருவழியாக ஸ்டார்ட் ஆனது. ஆனால் மோட்டாரின் பக்கவாட்டுத் துளையிலிருந்து பீச்ச வேண்டிய தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வராவிட்டால் மோட்டார் சூடாகிச் சில நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். நானே ஓடிப்போய் நிறுத்தினேன். கம்பியை விட்டுக் குத்தினால் அரிசி அளவுக்கு உப்புக் கட்டி ஒன்று கையில் விழுந்தது. கவரைத் திறந்து பார்த்தால் திருகாணித் தலைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. புரொப்பல்லர் ஓரத்தில் பெயின்ட் தேய்ந்து பளபள என்று உலோகம் தெரிகிறது. பெட்டி பிரிக்காத புது மோட்டார் எந்தக் கடலில் குளித்துவிட்டு வந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பில்லில் மோட்டார் நம்பரின் கடைசி மூன்று எண் 417. மோட்டாரில் இருக்கும் தகட்டில் 471. டைப்பிங் மிஸ்டேக் என்கிறார்கள். இருக்கட்டும். திருத்தின பில் கொடுக்க ஏழு வாரமா? இந்த நம்பரை வைத்துக்கொண்டு மீன்வளத்துறையில் பதிவு கேட்டால் என்னைத் திருடன் என்பார்கள்.

மோட்டார் மாட்டும் பின்பலகையைச் சொல்ல விட்டுவிட்டேன். போல்ட் போட்ட நான்கு ஓட்டையிலும் உள்ளே இருக்கிற பிளைவுட் அப்படியே தெரிகிறது. ரெசினும் பூசவில்லை, சிலிக்கானும் வைக்கவில்லை. உப்புத்தண்ணீர் ஏறினால் பலகை ஊறிப் பஞ்சாகிவிடும். தண்ணீர் திறந்துவிடும் ஓட்டைக்கு கார்க் கிடையாது, துணியைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். அதைக் கேட்டதற்குத்தான், “போட்டுன்னா தண்ணி உள்ள வரத்தான் செய்யும்” என்று பதில். என் அப்பா கட்டுமரத்தில் போனவர். கட்டுமரத்தில் தண்ணீர் வரும், போகும், அது மிதக்கும். சுனாமிக்குப் பிறகு எங்கள் குப்பமே ஃபைபருக்கு மாறியது தண்ணீர் உள்ளே வருவதற்கா?

குறைகளை எல்லாம் அந்தக் காகிதத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பேனாவை வைத்ததும் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டான். வெறும் லாரியோடு திரும்பினோம். அதற்குப் பிறகு அம்பத்தூர் அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்தேன். மேனேஜர் சைட்டில் இருக்கிறார், மேனேஜர் லஞ்சில் இருக்கிறார், மேனேஜர் மாறிவிட்டார்.

நேற்று வந்த கடிதம்தான் எல்லாவற்றுக்கும் மேல். வாடிக்கையாளர் டெலிவரி எடுக்க மறுத்ததால் யார்டு வாடகை நாளுக்கு 350 ரூபாய் வீதம் 48 நாளுக்கு 16,800 ரூபாய் கட்ட வேண்டுமாம். என் படகு, என் காசு, உங்கள் ஓட்டை, வாடகையும் நானேவா? என் நஷ்டம் இப்போது நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது. (மூன்று என்றுதானே முதலில் சொன்னாய் என்று மகள் கேட்கிறாள். வட்டியை யார் கட்டுவது?)

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மச்சான் எட்டு வருடமாக உங்கள் படகில்தான் போகிறான், ஒரு குறை சொன்னதில்லை. அதை நம்பித்தான் வாங்கினேன். தயவுசெய்து உங்கள் ஆள் ஒருவரை அனுப்பிப் பாருங்கள். பின்பலகையையும் ஏரா ஓரத்தையும் சரிசெய்து, வேறு புது மோட்டார் மாட்டி, காசிமேட்டில் தண்ணீரில் இறக்கி, நாலு ஆளோடு அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள். அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடுகிறேன். வாடகைக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். அந்தப் பையன் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும், என் மகள் முன்னால்.

15 நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் கமர்ஷியல் கஸ்டமராம், அங்கே செல்லாதாம், உங்கள் டீலரின் சட்ட அறிவு இது. சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்குகிறவனும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் வருடச் சட்டம் சொல்கிறது, என் மகள் படித்துக் காட்டினாள். வக்கீல்கூட வேண்டாமாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் 200 ரூபாய். உங்கள் யார்டில் ஒரு நாள் வாடகையைவிடக் குறைச்சல்.

பதிலைத் தபாலில் அனுப்புங்கள். போன் வேண்டாம், திரும்பக் கூப்பிட்டால் அதே பையன்தான் எடுக்கிறான்.

இப்படிக்கு,
காசிமேட்டு வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதுகளின் நகல் 2, லாரி வாடகை ரசீது நகல், தகடு மற்றும் பின்பலகைப் படங்கள், யார்டு வாடகைக் கடிதத்தின் நகல். உப்புக் கட்டி ஒரு தாளில் மடித்து என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அது அசல், அனுப்ப முடியாது. நேரில் வந்தால் காட்டுகிறேன்.