சிவப்பு என்றால் பழம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் கோடைப் பயணக் கட்டுரையில், வட நோர்வேயின் சதுப்பு நிலங்களில் "செக்கச் சிவந்து பழுத்துக் கிடக்கும் கிளவுட்பெர்ரியை வேண்டிய மட்டும் அள்ளலாம், கேட்பாரில்லை" என்று ஒரு வரி. ஒரே வரியில் இரண்டு பிழை விடுவதற்கும் திறமை வேண்டும்.

நாங்கள் இங்கே மொல்த்தே என்று சொல்லும் இது, காயாக இருக்கும்போதுதான் சிவப்பு. பழுக்கப் பழுக்கச் சிவப்பு வெளுத்து, தேன் நிறத்துக்கு வந்து, விரல் பட்டாலே குழைந்துவிடும். சாண் உயரச் செடி. தண்டுக்கு ஒரேயொரு வெள்ளைப் பூ. அதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூத்திருக்கும் நேரம் பார்த்து யூன் மாதத்து உறைபனி விழுந்தால் அந்த வருடம் பழத்தை மறந்துவிட வேண்டியதுதான். இத்தனைக்கும் தப்பி வந்ததைக் காயிலேயே பிடுங்கினால் ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா?

கேட்பாரும் உண்டு. வடக்கு மாவட்டங்களில் தனியார் நிலத்து மொல்த்தேயைப் பறிக்கக்கூடாது என்று உரிமையாளர் தடுக்கலாம். நின்ற இடத்தில் தின்னத்தான் தடையில்லை. மீன் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய உள்ளூர் அம்மா, வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை எங்களிடம் தந்துவிட்டுப் போவார். மொல்த்தே பறிக்கும் இடத்தை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. நத்தாருக்குக் கிரீமில் கலந்து ஒரு கிண்ணம் வரும், அவ்வளவுதான்.

உங்களுக்கு நோர்வே என்றால் ஒஸ்லோ. ஒஸ்லோ என்றால் தேர்த் திருவிழாவும் அரங்கேற்றமும். நோர்வேயின் வட கோடியான ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் கை விறைக்க நின்ற தமிழரைப் பற்றி நான் அனுப்பிய கட்டுரை "இடமின்மையால்" திரும்பி வந்தது. அந்த இதழில் ராசிபலன் நான்கு பக்கம். துருவ ஒளிப் படத்தைத் தலைகீழாக அச்சிட்டிருந்தீர்கள் என்று எழுதினேன்; அதற்கும் பதில் இல்லை. இப்போது அந்தப் பயணக் கட்டுரையில் இந்தச் சதுப்பு "பாழ்நிலம்" ஆகியிருக்கிறது. உலகத்துக் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமத்தை இத்தகைய சதுப்புகள் மண்ணுக்குள் பூட்டி வைத்திருக்கின்றன என்பது, காலநிலை பற்றித் தலையங்கம் எழுதும் தங்களுக்குத் தெரியாததா? பக்கத்து நாடான பின்லாந்து தன் இரண்டு யூரோ நாணயத்தில் இந்த மொல்த்தேச் செடியைத்தான் பொறித்திருக்கிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. யூலை இதழில் இரண்டு வரித் திருத்தம், கூடவே பழுத்த பழத்தின் சிறிய படம். ஓகஸ்ட் பிறப்பதற்குள் வந்துவிட்டால் நல்லது. விடுமுறைக்கு வாளியோடு வருகிறவர்கள் உங்கள் பக்கத்தைத்தான் கையில் வைத்திருப்பார்கள். இடமில்லை என்றால் ராசிபலன் பக்கத்தின் ஓரம் போதும்.

இங்ஙனம்,
ஃபின்மார்க்கிலிருந்து ஒரு நெடுநாள் சந்தாதாரர்