என் மகளின் இனிஷியலைத் திருத்திக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கமுங்க. சோமனூர்ப் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவன் நான். என் மகளின் பெயர்த் திருத்த விண்ணப்பம் ஜூலை முதல் வாரத்திலிருந்து உங்கள் அலுவலகத்தில் கிடக்கிறது, விவரம் உங்களுக்கே தெரியும். நேற்று நாலாவது தடவையாகப் போனபோது "மாணவி நேரில் வந்து கையெழுத்துப் போடணும்" என்று புதிதாக ஒன்று சொன்னார்கள். அதனால்தான் நாலு பேர் பார்க்கும்படி இதை எழுதுகிறேன்.

என் பெயர் கே எழுத்தில் தொடங்கும். பிளஸ் டூ மார்க் சீட், ஆதார், நீங்களே கொடுத்த ஐந்து செமஸ்டர் மார்க் சீட் எல்லாவற்றிலும் கே என்றுதான் இருக்கிறது. கடைசியில் வந்த புரொவிஷனல் சான்றிதழில் மட்டும் ஜே. பக்கத்துப் பக்கத்து எழுத்து, கை தவறியிருக்கும், அதில் எனக்குக் கோபமில்லை. உங்கள் ஆபீஸில் நடந்த தவறுக்கு எங்களிடம் கட்டணத்துக்கு பாங்க் டிடி கேட்டபோதும் மறுபேச்சு பேசாமல் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் பிஎஸ்சி தாவரவியல் படித்தவள். பள்ளியில் படிக்கும்போது கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்து, 1918-லேயே இங்கிருந்து 'கோ 205' என்று ஒரு கரும்பு வந்ததாம், கோ என்றால் நம் கோயம்புத்தூராம் என்று ராத்திரியெல்லாம் பேசினாள். ஐஐடி மாதிரி இடங்களில் எம்எஸ்சி சேர எழுதுகிற ஜாம் தேர்வில் பயோடெக்னாலஜி தாள் எழுத கணக்கும் இயற்பியலும் வேண்டும் என்று தெரிந்ததும், தறி ஓடுகிற சத்தத்தில் உட்கார்ந்து தானே படித்தாள். 3 மணி நேரத்தில் 60 கேள்வி, அதுவும் ஆங்கிலத்தில். எழுதி, வடக்கே ஒரு ஐஐடியில் எம்எஸ்சி இடமும் வாங்கிவிட்டாள். சான்றிதழில் பெயர் ஒத்துப்போக வேண்டும், செப்டம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும் என்று அங்கே எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்திருக்கிறார்கள். ஜாம் மதிப்பெண் அந்த வருடத்துச் சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும், இந்த இடம் போனால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

அவள் இங்கே வந்து போக ரயிலில் இரண்டு ராத்திரி போக, இரண்டு ராத்திரி வர. எதற்கு? ஜூலையிலேயே போட்டுவிட்ட கையெழுத்தை மறுபடி போடுவதற்கு. நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அந்த விண்ணப்பம் போன மாதம் இருந்த அதே மேசையில், நான் குத்திக் கொடுத்த டிடியோடு அப்படியே இருந்தது. மேலே டீ டம்ளர் வைத்த வட்டம். என் தறியில் ஒரு இழை விட்டுப் போய் துணியில் கோடு விழுந்தால் அன்றைக்கே கூலியில் பிடித்துவிடுகிறார்கள். இங்கே தவறு உங்களுடையது, பிடித்தம் என் பிள்ளைக்கா?

எங்கள் பக்கம் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் இன்ஜினியரிங், இல்லாவிட்டால் பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. அதையும் மீறி அறிவியல் என்று போகிற ஒன்றிரண்டு பிள்ளைகளையும் இப்படி அலையவிட்டால், அடுத்த வீட்டுக்காரர் தன் பிள்ளையை எந்த நம்பிக்கையில் அனுப்புவார்? அந்த ஜன்னலில் என்னோடு நின்றவர்களில் பாதிப்பேர் இதே மாதிரி மேல்படிப்புக்குச் சான்றிதழ் கேட்டு வந்தவர்கள்தான்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். ஜே என்பதைக் கே என்று திருத்தி, அவளை நேரில் வரச்சொல்லாமல், 30-ஆம் தேதிக்கு முன்னால் என் கையில் கொடுங்கள். அப்பன் நான் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். தினமும் ராத்திரி "கிடைச்சுதாங்கப்பா?" என்று போன் பண்ணுகிறாள், தயவுசெய்து இந்த வாரமாவது ஆமாம் என்று சொல்ல விடுங்கள்.

விண்ணப்பத்தின் மேலேயே என் செல் நம்பர் எழுதியிருக்கிறது. தறிச் சத்தத்தில் எடுக்காவிட்டாலும் உடனே திருப்பிக் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
கே என்ற எழுத்துக்கு உரிய அப்பன்