பால் டம்ளரும் அயோடின் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 26-ஐ ஒட்டி, 1986-இல் சோவியத் உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலைய விபத்தில் உயிர் தப்பியவர்கள் சொன்னதை ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். படித்தவர்கள் பலரும் அதைச் சோகக் கதையாகவே பேசிக்கொள்கிறார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு தெரிந்தவர்கள் படித்தால், அந்த மக்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் மருத்துவக் குறிப்பாகவே தெரியும். அப்படிப் படிக்கும்போது வேதனை இன்னும் அதிகம். எது எப்போது தடுத்திருக்கக் கூடியது என்பதும் சேர்ந்தே கண்ணில் படுகிறது.

அன்று இரவு வெடித்த உலைக் கட்டடத்தின் கூரைமேல் ஏறிய தீயணைப்பு வீரர்கள் விடிவதற்குள் வாந்தி எடுத்தார்கள். மாஸ்கோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பின் சில நாட்கள் எழுந்து நடமாடினார்கள், சிரித்துப் பேசினார்கள். பிழைத்துவிட்டார் என்றே வீட்டார் நம்பினார்கள். அந்தத் தெம்பு நோயின் ஒரு கட்டம். ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை அன்றே பட்டுப்போய்விடும். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் அணுக்கள் தம் ஆயுள் முடியும்வரை வேலை பார்க்கும். வாங்கிய அளவைப் பொறுத்து இரண்டு மூன்று வாரங்களில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் அடிமட்டத்துக்கு இறங்க, கிருமித்தொற்றும் ரத்தக்கசிவும் தொடங்கும். அதனால்தான் இப்படி வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, "வாந்தி எத்தனை மணிக்கு வந்தது?" என்று. ஒரு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் வாங்கிய அளவு மிக அதிகம். அன்று கடும் கதிர்வீச்சு நோய் உறுதியான 134 பேரில் 28 பேர் அந்த ஆண்டே இறந்தார்கள்.

அவர்கள் கழற்றிப் போட்ட உடைகள் அணுமின் நிலைய ஊழியர்கள் வாழ்ந்த பக்கத்து நகரமான பிரிப்யத்தின் ஆஸ்பத்திரி நிலவறையில் பல பத்தாண்டுகள் கழித்தும் கதிர்வீசிக்கொண்டு கிடந்தன. துணியில் ஒட்டும் தூசிதான் வெளிப்புற மாசில் பெரும்பங்கு. மேலுடையைக் கழற்றினாலே ஏறக்குறைய 90 சதவீதம் போய்விடும். கழற்றியதை உதறாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஆட்கள் இல்லாத மூலையில் வைக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் குளியல். தோல் சிராய்க்கத் தேய்க்கக் கூடாது. தலைக்கு ஷாம்பு போடலாம், கண்டிஷனர் கூடாது, அது தூசியை முடியோடு பிணைத்துவிடும். இப்படிக் குளித்து வந்தவரைத் தொடுவதால் யாருக்கும் எதுவும் ஒட்டாது. ஊரைவிட்டு வந்தவர்களைப் பக்கத்தில் உட்காரவிடாமல் விரட்டியதாகப் படிக்கும்போது, இந்த ஒரு விஷயத்தை யாராவது அன்று சொல்லியிருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும்விட உலுக்குவது பால். அதிகாலை 1.23-க்கு உலை வெடித்தது சனிக்கிழமை. அன்று பிரிப்யத் குழந்தைகள் வழக்கம்போல் பள்ளிக்கூடம் போனார்கள். நகரைக் காலிசெய்தது மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு. நகரத்தில் அயோடின் மாத்திரை ஓரளவாவது கிடைத்தது. சுற்றியிருந்த கிராமங்களில் மாடு புல் மேய்ந்தது, குழந்தைகள் பால் குடித்தார்கள். காற்றில் வந்த கதிரியக்க அயோடினான அயோடின்-131 புல்லில் படிந்து, மாட்டின் வயிற்றுக்குப் போய், ஓரிரு நாளில் பாலில் இறங்கிவிடும். உடலுக்குள் போகும் அயோடின் சேருவது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில். பெரியவர்களுக்கு அது சுமார் 20 கிராம்; ஒரு வயதுக் குழந்தைக்கு 2 கிராம்கூட இருக்காது. அதே அளவு அயோடின் அந்தச் சின்னச் சுரப்பியில் சேர்ந்தால் பாதிப்பு பல மடங்கு. உணவில் அயோடின் குறைவான பகுதி என்பதால் சுரப்பி அதை இன்னும் வேகமாக இழுத்தது. அன்று 18 வயதுக்குக் கீழ் இருந்தவர்களில் 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதில் பெரும்பகுதிக்குக் காரணம் அந்தப் பால்தான்.

நம் அடுப்படியில் இங்கேதான் தவறு நடக்கும். பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும், கதிரியக்கம் போகாது. தயிராக்கினாலும் போகாது. போக்கக்கூடியது நாள் கணக்கு மட்டுமே: அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். எனவே விபத்துக்கு முன்பே பொட்டலமான பால் பவுடர் பாதுகாப்பானது. நம் மும்பை மாட்டுப் பண்ணையான தபேலாவில், மூடிய கொட்டகையில் பழைய வைக்கோல் தின்னும் எருமையின் பாலுக்கும், வெளியே பச்சைப் புல் மேயும் மாட்டின் பாலுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. போலந்து அன்று பச்சைத் தீவனம் தின்ற மாட்டின் பாலைத் தடுத்தது. ஏப்ரல் 29 முதல் சில நாட்களில் சுமார் ஒரு கோடிக் குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் கொடுத்தது.

இனி, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வந்த பெட்டிச் செய்தி. அயோடின் மாத்திரை கதிர்வீச்சிலிருந்து உடலைக் காக்கும் என்றும், கிடைக்காதவர்கள் அயோடின் உப்பைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்றும் இருந்தது. இரண்டும் தவறு. மாத்திரை தைராய்டை மட்டுமே காக்கும். சீசியம்-137 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளுக்கோ வெளியிலிருந்து ஊடுருவும் காமா கதிருக்கோ அதனால் பயனில்லை. உப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கடைக்கு வரும் ஒரு கிலோ உப்பில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அயோடின் 15 மி.கி.; ஒரு மாத்திரையில் இருப்பது 100 மி.கி. அதற்கு ஆறரைக் கிலோவுக்கும் மேல் உப்புத் தின்ன வேண்டும். டிங்க்சர் அயோடினைக் குடிப்பது விஷம். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைக் கழுத்தில் பூசினாலும் பலனில்லை.

அந்த மாத்திரையில் இருப்பது பொட்டாசியம் அயோடைடு; அதன் 130 மி.கி.யில் அயோடின் சுமார் 100 மி.கி. பொட்டாசியம் அயோடைடு அளவு: 12 வயதுக்கு மேல் 130 மி.கி., 3 முதல் 12 வரை 65, ஒரு மாதம் முதல் 3 வயது வரை 32, பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவுக்கு 16. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் முதலில். 40 வயது தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு. நேரம்தான் உயிர்நாடி. கதிரியக்க அயோடின் வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், அல்லது வந்த 2 மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். 8 மணி நேரம்வரை ஓரளவு பலன் உண்டு. 24 மணி நேரம் கடந்தபின் விழுங்கினால், உள்ளே புகுந்துவிட்ட கெட்ட அயோடினை வெளியேற விடாமல் சுரப்பியிலேயே தங்கவைக்கும். எனவே அதிகாரிகள் அறிவித்த பிறகே எடுக்க வேண்டும். தைராய்டு நோயாளிகள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

அறிவிப்பு வரும்வரை ஜன்னலைச் சாத்தி, ஏ.சி., எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி உள்ளே இருக்க வேண்டும். தாராவியின் தகரக் கூரைக்குக் கதிரைத் தடுக்கும் கனம் இல்லை. பக்கத்துக் கான்கிரீட் கட்டடத்தின் நடுமாடியில் உள்ளறைக்குப் போவது மேல், ஏனென்றால் தூசி படிவது மொட்டைமாடியிலும் தரையிலும்தான்.

செம்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் டிராம்பே அணு உலைகள், வடக்கே சுமார் 100 கி.மீ.யில் தாராப்பூர் அணுமின் நிலையம். இங்குள்ள திருநெல்வேலிக்காரர்கள் பலருக்கு ஊர்ப் பக்கம் கூடங்குளம். பெட்டிச் செய்தியைக் கத்தரித்து வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு பெட்டியில் திருத்தத்தை வெளியிடுங்கள்: மேலே சொன்ன நான்கு வயதுப் பிரிவுகளுக்கான மாத்திரை அளவுகள், 24 மணி நேர எச்சரிக்கை, பாலைப் பற்றிய குறிப்பு மூன்றும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை